லைனை நிறுத்தச் சொல்லும் குரல்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில் திருப்புலிவனத்தைத் தாண்டினால் இருபுறமும் நெல் வயல்கள். நடவுக் காலத்தில் இந்தப் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவர்கள் ஆண்கள். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி விட்டுக்கொண்டு, வயலின் குறுக்கே கயிறு பிடித்து, பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே சீராகப் பின்னால் நகர்ந்துகொண்டே போகிறார்கள். இடது கையில் நாற்று முடி. வலது கை விரல்கள் சேற்றுக்குள் போய் வரும் வேகம் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது வங்காளம்.

நம் பக்கத்தில் நடவும் களையெடுப்பும் பெண்கள் வேலை. ஏர் பிடிப்பது, சேடை ஓட்டுவது, வரப்பு கழிப்பதெல்லாம் ஆண்கள் வேலை. யாரும் எழுதி வைத்ததில்லை என்றாலும், எழுதி வைத்த சட்டத்தைவிட இறுக்கமாக நின்ற வழக்கம் இது. பெண்ணாள் கூலி ஆணாள் கூலியைவிடக் குறைவு என்ற கணக்கும் அதோடு ஒட்டிக்கொண்டே வந்தது. சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. வயலில் அந்தக் கணக்கு அசையவில்லை. மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்த வழக்கம் தெரியாது. அவர்கள் ஊரில் ஆண்களும் நடுகிறார்கள். இங்கே வந்து நாள் கூலி பேசாமல், ஏக்கருக்கு இவ்வளவு என்று குழுவாகப் பேசி, நட்டு முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறார்கள். ஆள் கிடைக்காமல் நாற்று முற்றிப்போகிற கவலை விவசாயிக்குக் குறைந்தது. அத்தோடு, நடவு நடுவது ஆம்பளை செய்கிற வேலையா என்ற பழைய கேள்வியைக் கேட்கவும் இப்போது ஆளில்லை.

இதில் இழந்தவர்களும் இருக்கிறார்கள். நடவுக் கூலியை நம்பி வருடத்தை ஓட்டிய ஐம்பது, அறுபது வயதுப் பெண்களுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்திலும் கிடைத்துவந்த வேலை நாட்கள் சுருங்கிவிட்டன. அவர்களை விட்டுவிட்டு நன்மையை மட்டும் எழுதினால் அது முழு உண்மை ஆகாது.

வேறு வேறு மொழியும் வழக்கமும் கொண்டவர்கள் ஓரிடத்தில் வேலை செய்வதால் என்ன நன்மை என்று கேட்டால், நம் மனது உடனே சென்னை ஐ.டி. சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போய்விடுகிறது. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊழியர்கள் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தக் கேள்வியை உத்திரமேரூரில் வைத்துக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். இங்கே வயல், கல்குவாரி, கிரஷர், செங்கல் சூளை, கம்பெனி என எல்லா இடத்திலும் ஆட்கள் கலந்தாயிற்று. யாரும் திட்டம் போட்டுக் கலக்கவில்லை. கலந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் இது.

கம்பெனி பஸ்

உள்ளூரின் இளம் பெண்கள் நடவுக்கு ஏன் வருவதில்லை? பாதிப் பதில் விடியற்காலையில் கிடைக்கும். உத்திரமேரூர் பஸ் நிலையத்திலும், மானாம்பதி, பெருநகர், சாலவாக்கம் கூட்டுச்சாலைகளிலும் இருட்டு விலகுமுன்பே அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெண்கள் நிற்கிறார்கள். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், தலையில் இன்னும் ஈரம். ஒரு பஸ் ஒரகடம் போகிறது. ஒரு பஸ் சுங்குவார்சத்திரம். மேற்கே போகிற பஸ் செய்யாறு சிப்காட்டுக்கு. தைவானின் ஃபெங் டே குழுமம் அங்கே நைக்கி காலணிகளைத் தைக்கிறது.

இந்த மாவட்டத்தின் கதை முப்பது வருடங்களுக்குள் மாறியது. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் வைத்தது. 1998இல் கார் வெளியே வந்தது. பிறகு பிரான்ஸின் செயின்ட் கோபேன், பின்லாந்தின் நோக்கியா, கொரியாவின் சாம்சங், ஜப்பானின் நிசானும் பிரான்ஸின் ரெனோவும் சேர்ந்து தொடங்கிய ஆலை, ஜெர்மனியின் டெய்ம்லர், தைவானின் ஃபாக்ஸ்கான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கடைப் பலகைகளில் கொரிய எழுத்து வந்தது. இந்தியா முழுவதிலும் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் இந்த விடியற்காலைக் கூட்டத்துக்கும் பங்கு உண்டு. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். உத்திரமேரூர் பேரூராட்சி மக்களில் பெரும்பகுதியினர் அந்த ஒரு வளாகத்தில் தங்கிவிடலாம்.

இந்தக் கலப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொரியாவையும் பீகாரையும் சொல்வார்கள். முதல் கலப்பு அதற்கு முன்பே, பஸ்ஸின் இருக்கையில் நடந்துவிட்டது. இங்கே ஒவ்வொரு கிராமத்திலும் ஊர் தனி, காலனி தனி. கோயில் தேர் எந்தத் தெரு வரை வரும், எந்தத் தெருவில் திரும்பிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வயல் வேலையில் யார் வரப்பில் நின்றார், யார் சேற்றில் நின்றார், யாருக்கு எந்தப் பாத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள் என்பதெல்லாம் பாட்டிமார் நினைவில் இன்னும் ஆறவில்லை. அந்த ஊர்ப் பெண்ணும் அந்தக் காலனிப் பெண்ணும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, ஒரே யூனிபார்ம் போட்டு, கேன்டீனில் ஒரே வகைத் தட்டை நீட்டி வரிசையில் நிற்கிறார்கள். லைனில் ஒருத்தி தைத்த மேல்பாகம் அடுத்தவள் கைக்குப் போனால்தான் வேலை நகரும். டார்கெட் எட்டவில்லை என்றால் இருவருக்கும் சேர்த்துத்தான் திட்டு.

ஜாதி பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சாயங்காலம் அதே பஸ் திரும்பி வந்து அவரவரை அவரவர் தெருமுனையில்தான் இறக்கிவிடுகிறது. ஆனால் ஒருத்தி வீட்டுக் கல்யாணத்துக்கு லைனே சேர்ந்து மொய் வைக்கப் போகிறது. ஒருத்தியின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தால் மற்றவர்கள் சீட்டுப் பணத்தை முன்னால் எடுத்துக் கொடுக்கிறார்கள். இந்தத் தெருக்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வளவு நெருக்கமாக ஒன்றையொன்று பார்த்ததில்லை. பண்பாட்டுப் பன்மை தரும் நன்மை என்று எதையாவது முதலில் சொல்ல வேண்டுமானால், இந்த மண்ணில் நான் இதைத்தான் சொல்வேன்.

அதற்கு அடுத்த வட்டம் பிற மாநிலத்தவர். தொழிலாளர் துறைக்காக 2015-16இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாகத் தெரிந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், மாநிலத்திலேயே அதிகமாக, அப்போது செங்கல்பட்டையும் உள்ளடக்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில். ஒடிசா, பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று ஆலைத் தரையில் பல ஊர் ஆட்கள். கேன்டீனில் சாதத்தோடு சப்பாத்தியும் வந்தது. ஒடிசாப் பையனுக்கு ரசம் பழகியது. நம் பிள்ளைகளுக்கு 'ஜல்தி', 'பஸ்' (போதும்), 'கியா ஹுவா' எல்லாம் வாயில் வந்துவிட்டது. இதெல்லாம் மேலோட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கிறவன் என்ன சாப்பிடுகிறான் என்று தெரியாமல் அவனோடு பத்து மணி நேரம் வேலை செய்வது எவ்வளவு வறண்ட வேலை என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

தலைக்கு மேலே ஒரு கயிறு

ஜப்பானியர்கள் நமக்குக் கொண்டுவந்தது இயந்திரம் மட்டும் என்று நினைத்தால் கொஞ்சம்தான் பார்த்திருக்கிறோம். வேலை செய்கிறவனுக்குத்தான் அந்த வேலையின் குறை தெரியும் என்ற நம்பிக்கையையும் கொண்டுவந்தார்கள். நம் வழக்கம் வேறு. முதலாளி சொல்வார், மேஸ்திரி கத்துவார், வேலைக்காரன் தலையாட்டுவான். தெரிந்த குறையை வாய்விட்டுச் சொன்னால் 'உனக்கென்ன தெரியும்' என்று வரும். அதனால் சொல்லாமலே பழகிவிட்டோம். சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு ஜப்பானிய முறையைப் பிடிவாதமாகப் பழகியது. 1998இல் டெமிங் விருதை வென்ற முதல் இந்திய நிறுவனம் ஆனது. தரத்துக்காக ஜப்பான் தரும் அந்த விருது அம்பத்தூர்ப் பக்கத்துத் தொழிலாளர்கள் கைக்கு வந்ததற்குக் காரணம், கீழே இருக்கிறவர் சொல்லும் சின்னச் சின்னத் திருத்தங்களை மேலே இருக்கிறவர் காது கொடுத்துக் கேட்டதுதான். இன்று ஒரகடத்தில் பயிற்சிக்குச் சேரும் ஐ.டி.ஐ. பையனுக்கும், இப்படிச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே போவதைக் குறிக்கும் 'கைசன்' பழகிய சொல்.

டொயோட்டா பரப்பிய இன்னொரு முறை உண்டு. லைன் ஓடும் இடத்தில் தலைக்கு மேலே ஒரு கயிறு, இப்போது பல இடங்களில் பொத்தான். வேலையில் கோளாறு தெரிந்தால் யாராக இருந்தாலும் அதை இழுக்கலாம். பலகையில் விளக்கு எரியும், லீடர் ஓடி வருவார், உடனே தீராவிட்டால் லைன் நிற்கும். 'ஆண்டன்' என்று பெயர். ஒரு நிமிடம் லைன் நின்றால் எவ்வளவு நட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த உரிமையைக் கடைசி வரிசைத் தொழிலாளியின் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

கயிறு எல்லோருக்கும் எட்டுகிற உயரத்தில்தான் தொங்குகிறது. அதை இழுக்கும் தைரியம் எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்கிறதா? பெர்மனென்ட் ஆள் இழுப்பார். டிரெய்னி யோசிப்பான். ஏஜென்ட் மூலம் வந்த கான்ட்ராக்ட் பையனுக்கு, அதிலும் லீடர் பேசும் தமிழ் பாதிதான் புரிகிற பையனுக்கு, கை மேலே போகாது. இழுத்தபின் என்ன கோளாறு என்று சொல்ல வார்த்தை வேண்டும். சொல்வது தப்பாகிவிட்டால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற பயம் வேறு. ஒரு லைனில் ஐந்து மாநிலத்தார் இருந்தும் கயிற்றை இழுப்பது ஒரே ஊர்க்காரன் மட்டும் என்றால், மற்ற நாலு மாநிலத்தாரின் கண்ணும் அனுபவமும் அந்த ஆலைக்கு வீண்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் அதுதான். வேறு வேறு ஆட்கள் சேர்ந்து வேலை செய்வதால் வரும் நன்மை தலைகளை எண்ணுவதால் வராது. புதிதாக வந்தவர், மாறாகத் தெரிகிறவர், 'நிறுத்துங்கள், இது சரியில்லை' என்று சொல்ல முடிகிறதா, சொன்னால் கேட்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கேத்ரின் பிலிப்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. கல்லூரியில் ஒரே விடுதிக் கூட்டமைப்பைச் சேர்ந்த நண்பர்களை மூன்று மூன்று பேராக உட்காரவைத்து ஒரு கொலைத் துப்பறியும் புதிரைக் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் நான்காவது ஆள் உள்ளே வருவார். சில குழுக்களுக்கு அவர் அதே கூட்டமைப்பைச் சேர்ந்தவர். சில குழுக்களுக்கு வெளியாள். நம்மவர் வந்த குழுக்களில் 29 சதவீதம்தான் குற்றவாளியைச் சரியாகச் சொன்னது. வெளியாள் வந்த குழுக்களில் 60 சதவீதம். இன்னொன்றும் தெரிந்தது: சரியான விடையைக் கண்டுபிடித்த கலப்புக் குழுக்கள் தங்கள் முடிவில் நம்பிக்கை குறைவாக இருந்தன. பேச்சு சுமுகமாகப் போகவில்லை என்று வருத்தப்பட்டன. ஒரே வகை ஆட்கள் சேர்ந்த குழுக்கள் சுகமாகப் பேசி, சுகமாகத் தப்பு விடைக்குப் போய்ச் சேர்ந்தன. வெளியாள் வந்ததும் பழையவர்களே தங்கள் கருத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு பேசினார்கள். அந்தச் சங்கடம்தான் வேலை செய்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு மேற்கு வங்கத்தில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் நடந்தது. பொருளியல் ஆய்வாளர் அர்க்கதேவ் கோஷ் அங்கே இந்துத் தொழிலாளர்களையும் முஸ்லிம் தொழிலாளர்களையும் கலந்தும் தனித்தனியாகவும் குழுக்களில் போட்டுப் பார்த்தார். ஒருவர் கை அசைவுக்கு அடுத்தவர் ஈடுகொடுத்தாக வேண்டிய இயந்திர லைன்களில், கலப்புக் குழுக்களின் உற்பத்தி முதலில் குறைந்தது. சில மாதங்களில் அந்தக் குறை மறைந்துவிட்டது. சேர்ந்து வேலை செய்தே தீர வேண்டிய அந்த லைன்களில்தான் ஒருவர் மீது ஒருவருக்கு இருந்த எண்ணமும் நல்லபடியாக மாறியது. முதல் மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு 'இதெல்லாம் சரிப்படாது, அவனவன் ஆளை அவனவனோடு போடு' என்று முடிவு கட்டும் சூப்பர்வைசர்கள் எவ்வளவு இழக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரியும்.

கென்யாவிலிருந்து வரும் செய்தி கசப்பானது. அங்கே ஒரு பூந்தொழிற்சாலையில் ஒருவர் பூக்களைப் பிரித்துக் கொடுக்க, இருவர் கட்டுகளாகக் கட்டுவார்கள். பிரித்துக் கொடுப்பவர் தன் இனத்தாருக்கு அதிகமும் பிற இனத்தாருக்குக் குறைவும் கொடுத்து, அதனால் தன் சம்பளமே குறைந்தாலும் பரவாயில்லை என்று இருந்ததை யோனாஸ் ஹியோர்ட் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். 2007 தேர்தலுக்குப் பிறகு நடந்த இனக் கலவரத்தில் இந்தப் பாகுபாடு இன்னும் கூடியது. நிர்வாகம் சம்பள முறையை மாற்றியது. கட்டுகிற இருவருக்கும் சேர்த்துக் குழுச் சம்பளம் என்றதும், ஒருவருக்குக் குறைத்து இன்னொருவருக்குக் கூட்டிக் கொடுப்பது ஓய்ந்தது. மனித மனம் மாறக் காத்திருக்காமல் முறையை மாற்றினார்கள், பலன் கிடைத்தது.

12 சேரி, 30 குடும்பு

முறையை எழுதி வைப்பதில் உத்திரமேரூருக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, இன்றும் இருக்கின்றன. 12 சேரிகளில் அமைந்த 30 குடும்புகளிலிருந்து, அதாவது வார்டுகளிலிருந்து, குடவோலை போட்டு வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த விவரம் அதில் உண்டு. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். 35 வயதுக்குக் குறைந்தவரும் 70ஐத் தாண்டியவரும் கூடாது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. ஓலையை எடுப்பது விவரம் அறியாத ஒரு சிறுவன். ஊரின் எந்த மூலையும் விட்டுப்போகக் கூடாது, ஒரே கூட்டம் திரும்பத் திரும்ப உட்காரக் கூடாது என்பதற்கு இவ்வளவு நுணுக்கமாக விதி செய்தவர்கள் உலகில் அன்று அதிகம் பேர் இல்லை. அந்தப் பெருமை நியாயமானது.

ஆனால் அந்தக் குடத்துக்குள் யாருடைய பெயர் போகவில்லை என்பதையும் பேச வேண்டும். இது பிராமணர் சபை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும். ஊர் ஏரியான வைரமேகத் தடாகத்தில் மண் வாரியவர், மதகைத் திறந்து மூடியவர், அந்தத் தண்ணீரில் நாற்று நட்ட பெண்கள் ஆகியோரின் பெயர் எழுதிய ஓலை கிடையாது. ஏரியின் கரை எங்கே ஊறுகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். ஏரி வாரியத்தில் பேச அவர்களுக்கு இடமில்லை. நம் முன்னோர் அமைத்த முறையிலேயே உயர்ந்ததும் குறைபட்டதும் ஒரே கல்லில் இருக்கின்றன.

அதே வட்டாரத்தில் இன்னொரு கல்வெட்டு இருக்கிறது. அது இந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை என்பது எனக்கு ஆதங்கம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. வீரசோழன் என்ற ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, அங்கே நடந்தது. 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைக் கவனித்து மருந்து கொடுக்கப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்று வகுத்திருக்கிறார்கள். இரவெல்லாம் விளக்கு எரியவும் ஏற்பாடு.

மருத்துவரும் நாவிதரும் மருந்து காய்ச்சியவரும் நோயாளியைத் தொட்டுக் கவனித்த பெண்ணும் ஒரே கூரைக்குள் வேலை செய்த இடம் அது. அந்தக் காலத்துத் தெருவில் அவர்கள் ஒன்றாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சம்பளத்திலும் ஏற்றத்தாழ்வு இருந்தது. இருந்தாலும் காய்ச்சல்காரனைக் காப்பாற்ற எல்லாக் கையும் தேவைப்பட்டது. அறுவைக் கத்தி பிடிக்கிற கைக்கு எது தெரியுமோ அது மூலிகை பறிக்கிறவருக்குத் தெரியாது. காட்டில் எந்தச் சரிவில் எந்தச் செடி என்பது மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரவு மூன்று மணிக்கு நோயாளி எப்படி மூச்சு விட்டார் என்பது அந்தப் பெண்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. காலையில் அவர்கள் சொல்வதை மருத்துவர் கேட்டிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

குவாரிக் கொட்டகை

2023 மார்ச் மாதத்தை இந்த மாவட்டம் மறந்திருக்காது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ, வேறு எதற்கோ நடந்த சம்பவங்களின் காட்சிகள் அவை. ஹோலிக்கு ஊருக்குப் போகிற நேரம் வேறு. பயந்தவர்கள் ரயில் ஏறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. இரண்டு முதலமைச்சர்களும் பேசினார்கள். காவல்துறை இந்தியிலும் விளக்கம் வெளியிட்டது. பொய் என்று நிரூபித்தாயிற்று. ஆனால் பத்து வருடமாக இங்கே வேலை செய்கிறவர்களுக்கு, 'அப்படி எதுவும் நடக்கவில்லை, பயப்படாதே' என்று அவர்கள் மொழியில் சொல்ல ஒரு லீடர், ஒரு பக்கத்து வீட்டுக்காரர், ஒரு மளிகைக் கடைக்காரர்கூட இல்லாத இடங்களில்தான் அந்தப் பொய் எளிதாக வேலை செய்தது. அவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் சாதாரணமாகச் சொல்லும் 'வடக்கன்' என்ற சொல்லும் அந்தப் பயத்துக்குத் தீனி போட்டது. அந்தச் சொல்லை விட்டுவிடுவதில் நமக்கு எந்த நட்டமும் இல்லை.

உத்திரமேரூர் வட்டத்தில் மதூர், பழவேரி, சிறுமயிலூர்ப் பக்கம் போனால் மலைகள் வெட்டுப்பட்டு நிற்கின்றன. கிரஷர் தூசி சாலையோரப் பனைமரங்களை வெள்ளையாக்கியிருக்கிறது. பாறை உடைக்கிற, ஏற்றுகிற, கிரஷரில் கல் கொட்டுகிற ஆட்களில் பலர் வெளிமாநிலத்தார். குவாரி ஓரத் தகரக் கொட்டகைகளில் தங்கல். 2021 பிப்ரவரியில் மதூர்க் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். வெடி வைக்கும் நேரம், எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்தச் சரிவின் கீழே நிற்கக் கூடாது என்பதெல்லாம் புரிகிற மொழியில் சொல்லப்பட வேண்டிய செய்திகள். பலகையில் தமிழில் 'எச்சரிக்கை' என்று எழுதி வைத்தால் ஜார்கண்டிலிருந்து வந்தவருக்கு அது வெறும் கோடுகள்.

எச்சரிக்கையைத் தன் மொழியில் கேட்கும் இந்த வசதி வேறு ஓரிடத்தில் நம்மவர்களுக்குக் கிடைக்கிறது. சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே இறங்கியதும் கட்டுமானப் பாதுகாப்புப் பயிற்சி முடித்துத் தேர்வில் தேறினால்தான் சாரத்தில் ஏறலாம். அந்தப் பயிற்சி ஆங்கிலம், சீனம் மட்டுமல்லாமல் தமிழிலும் வங்காளத்திலும் நடக்கிறது. நம் ஆள் தன் மொழியில் கேட்கிறான், தன் மொழியில் சந்தேகம் கேட்கிறான். பெல்ட் எங்கே மாட்ட வேண்டும், எந்தப் பலகையில் கால் வைக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு வேலைக்குப் போகிறான். அவனுடைய அம்மா உத்திரமேரூரில் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குகிறாள். மதூர்க் குவாரியில் நிற்கும் பையனுக்கும் எங்கோ ஓர் அம்மா இருக்கிறாள்.

செய்ய முடியாத வேலை ஒன்றும் இல்லை. இங்கேயே பல வருடம் இருந்து தமிழ் பேசப் பழகிய ஒடிசாக்காரர்களும் பீகார்க்காரர்களும் ஒவ்வொரு கிரஷரிலும் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் பாதுகாப்பு வகுப்பை அவர்களைக் கொண்டே எடுக்கலாம். அந்த நாளுக்கு அவர்களுக்குத் தனிச் சம்பளம் கொடுக்கலாம். ஆலைகளில் ஒவ்வொரு லைனுக்கும் அப்படி ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்கலாம். கான்ட்ராக்ட் பையன் கயிற்றை இழுத்தால் அவனுக்காகப் பேச ஒருவர் இருக்கிறார் என்று அவனுக்கும் தெரியும், லீடருக்கும் தெரியும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் இதில் வாய்ப்பு உண்டு. சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாயில் ஜப்பானிய மொழி சொல்லித்தருகிறார்கள். அப்படி மொழி கற்ற பெண் ஒருத்தி ஷிப்டில் இருந்தால், ஜப்பானிய மேலாளரிடம் போகும் புகார் நடுவில் மூன்று பேர் வாயில் சுருங்கிப்போகாமல் முழுசாகப் போய்ச் சேரும். நடவில் வேலை இழந்த மூத்த பெண்களை விடுதிச் சமையலிலும் ஆலைகளின் குழந்தைக் காப்பகங்களிலும் முன்னுரிமை கொடுத்துச் சேர்க்கலாம்.

தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அதில் ஒன்று மே 1, உழைப்பாளர் தினம். தீர்மானத்துக்குக் கை தூக்குவது அந்த ஊர் வாக்காளர்களுக்கு உரியது. குவாரிக் கொட்டகையிலும் சூளையிலும் வயலோரக் கூடாரத்திலும் தங்கியிருப்பவர்களை அன்றைக்கு அழைத்து உட்காரவைத்து, குடிதண்ணீர் வருகிறதா, கழிப்பறை இருக்கிறதா, வெடி எத்தனை மணிக்கு, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் என்று கேட்பதற்கு ஊராட்சித் தலைவரின் மனது போதும். பக்கத்தில் மொழிபெயர்க்க, அவர்களிலேயே தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்துகொள்ளலாம். அவர்கள் சொல்கிற புகார்களைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி, தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் கனிமவளத் துறைக்கும் அதே வாரம் நகல் அனுப்பலாம்.